பக்கத்து வீட்டில் அடி விழுகிறது: அதே தெருவில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவை அவருடைய கணவர் அடிக்கிறார். இரவில் சத்தம் கேட்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார்கள், அடி நிற்கவில்லை. நீங்களும் அதே தெருவில் வாழவேண்டியவர். தலையிட்டால் பகை வருமோ என்று பயம், சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு என்னதான் செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையச் செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் சட்டென்று தோன்றும் இரண்டு காரியங்களை மட்டும் தள்ளி வையுங்கள். ஒன்று, அந்த ஆளிடம் நேரே போய் நியாயம் கேட்பது. இன்னொன்று, விஷயத்தை மறுபடியும் ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோவது. நீங்கள் அவரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். "ஊரெல்லாம் போய்ச் சொல்லி வச்சிருக்கியா?" என்ற கேள்விக்குச் சாத்திய கதவுக்குள் பதில் சொல்லவேண்டியவர் அந்த அக்காதான்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் அளவுக்குச் சத்தம் கேட்டால் கதை வேறு. அப்போது 112க்கு அழையுங்கள். கூடவே இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். சண்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். "தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தலையா?" என்று கேட்டாலே போதும். அடிக்கிற கை ஒரு நிமிடம் நிற்கும், அந்த ஒரு நிமிடத்தில் அவர் வெளியே வந்துவிட முடியும்.

சரி, மற்ற நாட்களுக்கு வருவோம். அந்த அக்காவிடம் தனியாகப் பேசுவதுதான் முதல் வேலை. கிராமத்தில் அது லேசில் கிடைக்காது. வீட்டுக்குள் போனால் மாமியார் இருப்பார், வாசலில் நின்றால் எதிர்வீடு பார்க்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் வழி, ரேஷன் கடை வரிசை, ஆடு மேய்க்கிற இடம், மகளிர் குழுக் கூட்டம் முடிந்து திரும்புகிற நேரம் ஆகியவற்றில்தான் வாய் திறக்கும். "அக்கா, ராத்திரி சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்ட சொல்லலாம், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் பதில் வரும். பரவாயில்லை. கதவு திறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுமைக்குமான எண் 29. ஆனால் அடி, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 100க்கு 14 பேர்தான். அவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டில்தான் கேட்டிருக்கிறார்கள். போலீஸ், வக்கீல் எல்லாம் வெகு தூரம். அதனால் அந்த அக்கா உங்களிடம் வாய் திறந்தாலே அது பெரிய விஷயம். அந்த நேரத்தில் "நீ என்ன சொன்னே, அவர் எதுக்கு அடிச்சார்?" என்று விசாரணை ஆரம்பித்தால் அதோடு முடிந்தது. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்பதும் வேண்டாம், "விட்டுட்டு வந்துடு" என்பதும் வேண்டாம். இரண்டிலும் முடிவை நீங்கள் எடுக்கிறீர்கள். வெளியே வந்தபின் எங்கே தூங்குவது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் பாடு. எப்போது, எப்படி என்பதையும் அவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

பேச ஆரம்பித்துவிட்டார் என்றால் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கழுத்தை நெரித்திருக்கிறாரா? அரிவாள், கத்தி எடுத்து மிரட்டினாரா? கொளுத்திவிடுவேன் என்கிறாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? அடி முன்பைவிட அடிக்கடி விழுகிறதா? இதில் கழுத்தை நெரிப்பதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வெளியே காயம் தெரியாது, அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிற்பாடு கொலையில் முடியும் வீடுகளில் முன்கூட்டியே தெரியும் அறிகுறிகளில் அது முக்கியமானது. அதேபோல, மனைவி பிரிந்து போகிறாள் என்று தெரியவரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. கிளம்பும் திட்டம் யாருக்கும் தெரியக்கூடாது என்பது இதனால்தான். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் அதையும் புலம்பல் என்று தள்ளாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு அவரைத் தனியே விடாமல் இருப்பதும், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை எட்டாத இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்வதும் உங்களால் முடிந்த காரியங்கள்.

இனி ஊர்ப் பேச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கிராமத்தில் பெரும்பாலான பெண்களின் வழக்கு அங்கேதான் புதைகிறது. பெரியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: வரப்புத் தகராறு மாதிரி இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்து, இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் குறைத்து, நடுவில் முடிப்பது. வரப்பில் இரண்டு பேரும் சமம். இங்கே ஒருவர் அடிக்கிறார், இன்னொருவர் அடி வாங்குகிறார். நடுவில் எங்கே போய் முடிப்பது? கடைசியில் "நீ குடியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ, நீயும் எதிர்த்துப் பேசாம இரும்மா" என்று தீர்ப்பாகும். அடித்ததற்கான காரணம் அந்த அக்காவின் வாய்தான் என்று ஊரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த அடிக்கு அதுவே அனுமதிச் சீட்டு.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். குடி வன்முறையை மோசமாக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு போதையிலும் அந்த ஆள் கடைக்காரரையோ இன்ஸ்பெக்டரையோ அடிப்பதில்லையே. வீட்டுக்கு வந்த பிறகுதானே கை ஓங்குகிறது! குடிநோய்க்குச் சிகிச்சை தாராளமாகக் கொடுக்கட்டும். அது முடியும்வரை அந்த அக்காவின் பாதுகாப்பு காத்திருக்க முடியாது.

ஊர்க் கூட்டத்தைத் தவிர்க்கவே முடியாத நிலை வரலாம். கணவர் வீட்டார் கூட்டிவிட்டார்கள், போகாவிட்டால் "பயந்து ஓடிட்டா" என்பார்கள். அப்படியென்றால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பெண்களாவது கூடப் போங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடவேண்டாம். "இனிமேல் ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறேன்" என்று அந்த அக்காவிடம் எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதம் இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நீட்டப்படும். அடித்தது உண்மை என்று கணவர் ஒப்புக்கொண்டு எழுதினால் மட்டும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்றதும் அந்த அக்காவுக்குத் தோன்றும் முதல் பயம், "புருஷனை ஜெயில்ல போட்டுட்டு நான் எப்படி இந்த ஊர்ல இருக்கிறது?" என்பதாக இருக்கும். இந்தப் பயத்துக்குப் பதில் இருக்கிறது, பலருக்கும் அது தெரியவில்லை. 2005ல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடிப்படையில் ஒரு உரிமையியல் (சிவில்) சட்டம். ஜெயிலில் போடுவது அதன் முதல் வேலை இல்லை. அடிக்காதே, மனைவி வேலை செய்கிற இடத்துக்குப் போகாதே என்று கணவருக்கு நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போடலாம். வீட்டைவிட்டு மனைவியைத் துரத்தக்கூடாது என்று சொல்லலாம். மாதச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாக அம்மாவிடமே விடுவது, பட்ட துன்பத்துக்கு இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

உடம்பில் காயம் இருந்தால்தான் வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அசிங்கமாகத் திட்டுவது, குழந்தை இல்லை என்றோ ஆண்பிள்ளை இல்லை என்றோ குத்திக் காட்டுவது, விருப்பமில்லாமல் உடலுறவுக்கு வற்புறுத்துவது, கூலிப் பணத்தைப் பிடுங்குவது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாமே அதில் வரும். "வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு என்ன உரிமை?" என்று கேட்பார்கள். அந்த வீட்டில் அவர் மருமகளாகக் குடும்பம் நடத்தியிருந்தால், வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. சட்டம் மனைவிக்கு மட்டுமானதும் இல்லை. மகனிடம் அடி வாங்கும் அம்மா, அண்ணனிடம் அடி வாங்கும் தங்கை, கல்யாணம் ஆகாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்கிறவர் எல்லோரும் இதில் மனு போடலாம்.

எங்கே போவது? 181 மகளிர் உதவி எண்ணில் தொடங்குங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவர்கள் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். சகி என்ற பெயரிலும் அதைச் சொல்வார்கள். அங்கே மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வார்கள், சில நாள் தங்கவும் இடம் உண்டு. அதற்கு மேல் தங்கவேண்டுமென்றால் இல்லங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இந்தச் சட்டத்துக்காகவே இருக்கிறார். நடந்ததைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்பி, நீதித்துறை நடுவரிடம் மனு போட உதவுவது அவருடைய கடமை. அந்த அலுவலர் இல்லாமல் நேரடியாகவும் மனு போடலாம். அந்த அக்கா இப்போது அம்மா வீட்டில் இருக்கிறார் என்றால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், கணவர் ஊருக்கு அலையத் தேவையில்லை.

வக்கீலுக்குப் பணம்? பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் இழுக்கும், அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதனால்தான் வழக்கு முடியும்வரைக்குமான இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்கவேண்டும் என்று வக்கீலிடம் வலியுறுத்துவது நல்லது.

இதையெல்லாம் படிக்கும்போது சுலபமாகத் தெரியும். ஊரிலிருந்து கலெக்டர் அலுவலகம் எவ்வளவு தூரம், எத்தனை பஸ் மாறவேண்டும், அன்றைய கூலி போகும், கைக்குழந்தையை எங்கே விடுவது, "எங்கடி போனே?" என்றால் என்ன சொல்வது? பல பெண்கள் பாதியில் விட்டுவிடுவது இந்த அலைச்சலால்தான். என்னைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரால் செய்யமுடிந்த மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. கூடப் போவது. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை என்பது இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று பலர் யோசிப்பதில்லை. கையில் பத்து ரூபாய்கூட இல்லாத பெண்ணும் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிகிறது.

போலீஸுக்குப் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது, அவசரமென்றால் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புகாரை எழுதியே கொடுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், அதை வாங்காமல் திரும்பவேண்டாம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீதுதான், வழக்குப் பதிவு இல்லை. வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர்., அதன் நகலை இலவசமாகத் தரவேண்டும். கணவரோ அவருடைய உறவினரோ செய்யும் கொடுமைக்காக முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று இருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆவது பிரிவு. மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு, ஆனால் புகார் கொடுத்ததும் கைது செய்துவிடுவார்கள் என்ற பயமும் தேவையில்லை. தேவை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கைது செய்யவேண்டும் என்று 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். உள்ளூரில் சாதிக்காரர், கட்சிக்காரர், உறவுக்காரர் என்று எல்லோரும் அந்த ஆளுக்கு வேண்டியவர்களாக இருந்தால் ஊரில் முட்டிக்கொண்டிருக்காமல் மாவட்ட அளவுக்கு நேரே போய்விடுவது நல்லது.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியே ஆகவேண்டும். காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்பார்கள். "எப்படி அடிபட்டது?" என்று கேட்டால் "வண்டியில இருந்து விழுந்துட்டேன்" என்று பதில் வரும். அது அப்படியே பதிவாகும், பிறகு நீதிமன்றத்தில் அதுதான் சாட்சியாக நிற்கும். முடிந்தால் நீங்கள் கூடப் போய், டாக்டரிடம் அவர் தனியாகப் பேச வழி செய்யுங்கள். யார், எதால், எப்போது அடித்தார் என்று சொல்லி எழுதவைக்கவேண்டும். போலீஸ் புகார் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக்கூடாது. காயத்தைப் போட்டோ எடுங்கள், ஆனால் அவர் போனில் வைக்கவேண்டாம், உங்கள் போனில் இருக்கட்டும்.

போன் விஷயம் தனி. பல வீடுகளில் ஒரே போன்தான், இல்லாவிட்டால் கணவர் எடுத்துப் பார்ப்பார். 181க்கு அழைத்தது பட்டியலில் கிடக்கும். உங்கள் போனிலிருந்து பேசவையுங்கள். நூறு நாள் வேலைச் சம்பளமும் மகளிர் உரிமைத் தொகையும் அவர் கணக்குக்குத்தான் வருகின்றன, ஆனால் ஏ.டி.எம். கார்டு கணவர் சட்டைப் பையில் இருக்கும். கிளம்ப முடிவெடுத்த பிறகு வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, கணக்கோடு இணைத்த போன் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலேயே மாற்றினால் கணவருக்குத் தெரிந்து அதற்கும் அடி விழும். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, நகை அடகு ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொன்றாக உங்கள் வீட்டிலோ, குழுவில் நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அசல் காணாமல் போனால் சந்தேகம் வரும். அதைக் கிளம்பும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

குழுவில் எல்லோரிடமும் சொல்லலாமா? வேண்டாம். மகளிர் குழு பெரிய பலம்தான், ஆனால் அதில் அவருடைய நாத்தனாரும் இருப்பார். ஒருவர் இருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வீடாகப் போவதால் அவர்கள் வருவதை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. நம்பகமானவராக இருந்தால் தகவல் கொண்டுபோக அவர்களைவிட நல்ல வழி கிடையாது.

உங்களுக்குப் பகை வருமா என்று கேட்டீர்கள். வரலாம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் வெளியே தெரியாமல் செய்ய இடமிருக்கிறது. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கோ நஷ்ட ஈடோ போடமுடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அக்கா சம்மதித்த பிறகு தகவல் கொடுங்கள். அதிகாரி திடீரென்று வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவர் அவர். உயிராபத்து என்றால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. குழந்தைகளையும் அடிக்கிறார் என்றால் 1098 இருக்கிறது. இன்னொன்று, வெளியே வந்துவிட்டால் உங்கள் வீட்டில் தங்கவைக்கவேண்டாம். ஒரு சுவர் தள்ளி இருப்பது தப்பித்தல் இல்லை, கணவர் தேடும் முதல் இடமும் அதுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இவ்வளவும் செய்து, மனுவும் போட்டு, ஒரு மாதம் கழித்து அந்த அக்கா அந்த ஆளிடமே திரும்பிப் போகலாம். நிறையப் பேர் போகிறார்கள். பிள்ளை அழுதிருக்கும், அம்மா வீட்டில் அண்ணி முகம் சுளித்திருப்பார், "வாழாவெட்டி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கணவரும் காலில் விழுந்து கூப்பிட்டிருப்பார். அப்போது "இவளுக்காகப் போய் அலைஞ்சேனே" என்று கோபம் வரும். கோபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பேசுவது போலவே அந்த அக்காவிடம் பேசுங்கள், போட்டோக்களை அழிக்காதீர்கள், நகல்களைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் மனுவைத் திரும்பப் பெற நினைத்தால், அதற்கு முன்னால் சட்டப் பணிகள் குழு வக்கீலிடம் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். பாதுகாப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே சேர்ந்து வாழவும் சட்டத்தில் தடையில்லை.